விரலை அமுக்கினால் ஹீமோகுளோபின் குறையும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவ மாணவியருக்கு வணக்கம்.

எம்.பி.பி.எஸ். முதலாண்டில் முக்கியமாக மூன்று பாடங்கள்: அனாட்டமி (உடற்கூறு), பிசியாலஜி (உடலியக்கம்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்). மனப்பாடம் பண்ணினால் தேறிவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். எழுத்துத் தேர்வில் அது ஓரளவு செல்லும். செய்முறையில் செல்லாது. அங்கே கை எங்கே தப்பியது, அந்தத் தப்பு விடையை எந்தப் பக்கம் இழுத்தது என்பதுதான் கேள்வி.

டிசெக்‌ஷன் ஹாலுக்கு, அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்கு, வாருங்கள். உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடியில் கண் எரியும். சில நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறோமே, அது உண்மையில் சிரை. நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். மேசையில் அப்படி விட முடியாது. விரலிடையில் உருட்டிப் பாருங்கள். நரம்பு உள்ளே வெற்றிடமில்லாத கயிறு. தமனி தடித்த சுவருள்ள குழாய். சிரை தட்டையாக அமுங்கிக் கிடக்கும். உள்ளே கறுத்த ரத்தக்கட்டி இருக்கலாம்.

அக்குளைத் திறந்ததும் கொழுப்பைக் கத்தியால் வெட்டாதீர்கள். மூடிய கத்தரியை உள்ளே விட்டு, நரம்பு ஓடும் திசையிலேயே விரியுங்கள். குறுக்கே விரித்தால் மெல்லிய கிளைகள் அறும். அறுந்ததை ஒட்டவைக்க வழியில்லை. சிரையின் கிளைகளை அகற்றினால் தமனிக்கு முன்னால் ஆங்கில ‘எம்’ எழுத்து போல நரம்புகள் தெரியும். அந்த ‘எம்’மின் வெளிக்கால் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு, நடுவில் கூடுவது மீடியன், உட்கால் அல்னார். எது எதுவென்று குழம்பினால் கோரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போவதைத் தேடுங்கள். அதுதான் வெளிக்கால். மற்றவை தாமாகவே பிடிபடும்.

பிசியாலஜியில் ரத்தத்தின் ஹீமோகுளோபினை நிறம் பார்த்து அளக்கும் சாலி முறை. பழைய முறைதான், ஆனால் பிழையைப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. குழாயில் 20 சதவீதக் கோடுவரை என்/10 (நீர்த்த) ஹைட்ரோகுளோரிக் அமிலம். விரலில் தேய்த்த ஸ்பிரிட் காய்ந்தபின் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்ததில் 20 மைக்ரோலிட்டர் உறிஞ்சுங்கள். ரத்தம் வரவில்லையே என்று விரலை அமுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறையும். பிப்பெட்டில் குமிழி இருந்தாலும் குறையும். அதன் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விட்டால் கூடும்.

பிறகு 10 நிமிடம் பொறுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஹீமோகுளோபின் முழுவதும் அமிலத்தில் ஆசிட் ஹீமாட்டின் என்ற பழுப்புப் பொருளாக மாறாமல் நிறம் வெளிறியிருக்கும். சிறிது தண்ணீர் சேர்த்ததுமே பக்கத்திலுள்ள ஒப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போய், ரத்தசோகை இல்லாதவருக்கும் ரத்தசோகை எழுதிவிடுவீர்கள். காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாக விடுங்கள். நிறம் ஒத்ததும் கண்ணாடிக் குச்சியை நீர்மத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து அளவைப் பாருங்கள். இன்னொரு துளி விட்டு வெளிறுகிறதா பாருங்கள். வெளிறினால் முந்தைய அளவுதான் விடை.

பயோகெமிஸ்ட்ரியின் வேதிவினை வட்டங்களைக் கண்டு மிரள வேண்டாம். எழுதி எழுதித்தான் வரும். லேபில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனையை மட்டும் கவனியுங்கள்: பெனடிக்ட் கரைசல் 5 மில்லி, சிறுநீர் எட்டே துளி, 2 நிமிடக் கொதி. செங்கல் நிறம் வந்தால் உடனே சர்க்கரை நோய் என்று எழுதாதீர்கள். வைட்டமின் சி நிறைய விழுங்கியவரின் சிறுநீரும் நிறம் மாற்றும். ‘ஒடுக்கும் பொருள் (ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ்) உள்ளது’ என்று எழுதுங்கள்.