வாழ்ந்திருக்கவும் தெரியவேண்டும்

(கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமத் தேவாலயம் ஒன்றில், அறுப்பின் பண்டிகையன்று ஆற்றிய உரை)

அன்பான சபையோரே,

ஏலப் பொருட்கள் முன்னுக்கு இருக்கின்றன. நெல்மூட்டை, வாழைக்குலை, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல். பிள்ளைகளின் கண் சேவலில்தான். சரி, நீட்டிப் பேசமாட்டேன்.

யுத்தம் முடிந்து 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வளவுகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குத் தெரியும். கிணற்றுக்குள் மண், வெளியெல்லாம் பற்றை. பக்கத்து வளவு அண்ணையும் நானும் ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பாவித்தோம். அவர்களின் தறப்பாளுக்குள் புட்டு அவித்தால் எங்களுக்கும் ஒரு கோப்பை வரும்.

அப்புறம் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. வீட்டுக்கு 5,50,000 ரூபாய், கட்டங்கட்டமாக. இரண்டு பேருக்கும் ஒரே அளவு வீடு. சீமெந்து நிலம் காய்ந்த அன்று மனைவி அதில் பாய் விரித்தாள். முழங்காலில் நின்று இருவரும் அழுதோம்.

ஒரு வருடம் போயிருக்கும். அண்ணையின் மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பினான். விறாந்தைக்கு மாபிள் பதித்தார்கள், கறுப்பு கேற் போட்டார்கள். அன்றிரவு என் வீட்டுக்குள் வந்து நின்றேன். அதே சுவர், அதே நிலம். எனக்கு அது கொட்டிலாகத் தெரிந்தது. அண்ணை என்னிடமிருந்து ஒரு செங்கல்லைக்கூட எடுக்கவில்லை. ஆனாலும் ஜெபத்தில் நன்றி சொல்ல வாய் வரவில்லை.

தாவீது பாடகர்களுக்குத் தலைவனாக வைத்த ஆசாப், 73ஆம் சங்கீதத்தில் இதைத்தான் ஒளிக்காமல் சொல்கிறார். வீம்புக்காரர்மேல் பொறாமை வந்ததாம், கால் சறுக்கப் பார்த்ததாம். என் அண்ணை வீம்புக்காரர்கூட இல்லை. என் நிலை ஆசாப்பைவிட மோசம்.

பவுல் கட்டுண்டு கிடந்த நாளில், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி எழுதுகிறார். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." இதன் முதல் பாதியை வன்னிச் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009இல் உப்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். இரண்டாம் பாதியில்தான் தடுமாறுகிறோம். பக்கத்து வீட்டுச் சாமத்திய வீட்டில் ட்ரோன் பறந்தது என்று நுண்கடனில் கையெழுத்து வைக்கிறோம். வயிற்றுக்காகக் கடன்பட்டவர்களைச் சொல்லவில்லை, அவர்களின் பாடு வேறு. இளம் பிள்ளைகளே, கூடப் படித்தவனின் யூரியூப் காணொளியை இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பதற்காக உங்களுக்கு ஏன் சோறு இறங்காமல் போகவேண்டும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 2017 ஜனவரியில் கேப்பாப்புலவில் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்காக வீதியில் இருந்த சனமும், அடுத்த மாதம் கிளிநொச்சியில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு உட்கார்ந்த தாய்மாரும் யார்மீதும் பொறாமைப்படவில்லை. தங்களுடையதைக் கேட்டார்கள். "கிடைத்தது போதும்" என்று அவர்களிடம் சொல்ல எந்தப் பிரசங்கிக்கும் உரிமையில்லை. நாபோத் தன் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்குக் கொடுக்கமாட்டேன் என்றான். அதை நினைத்துச் சாப்பிடாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவன் ஆகாப். அரண்மனையில் இருந்தவனுக்குத்தான் போதவில்லை.

ஆசாப் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபிறகுதான் தெளிந்தார். பவுலும் "கற்றுக்கொண்டேன்" என்றே எழுதுகிறார். எனக்கும் ஒரே நாளில் வரவில்லை. அண்ணையின் பெயரைச் சொல்லி, குளிருக்குள் இரவு வேலைக்குப் போகும் அவர் மகனுக்காக ஜெபிக்கத் தொடங்கினேன். முதல் கிழமைகளில் அந்தப் பெயர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விடாமல் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பின்னேரம், அந்தக் கறுப்பு கேற்றைத் திறந்துகொண்டு போனேன். அக்கா பிளேன்ரீ கொண்டுவந்தா. கதிரையில் இருக்கச் சொன்னார்கள். நான் விறாந்தை நிலத்திலேயே இருந்தேன். அந்த வெயிலுக்கு மாபிள் நல்ல குளிர்மை. அண்ணையிடம் அதை மனதாரச் சொன்னேன்.