டப்பா வெடியிலிருந்து கார்பைடு துப்பாக்கி வரை: ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு ரொம்பப் பேருக்குப் பயன்படும்னு தோணுச்சு. கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "நாங்கல்லாம் சின்ன வயசுல லட்சுமி வெடி மேல தகர டப்பாவைக் கவுத்து வெடிச்சிருக்கோம், சாணியில சொருகி வெடிச்சிருக்கோம், நட்டு போல்ட் வெடி போட்டிருக்கோம். ஒண்ணும் ஆகலை. இப்ப என் பையன் கார்பைடு துப்பாக்கி வீடியோவைப் பாத்துட்டு அதுதான் வேணுங்கிறான். நாங்க பண்ணதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வேணாம்னு சொன்னா, பதிலுக்கு அவனுக்கு என்ன குடுக்கறது?"

நல்ல கேள்விங்க. முதல்ல அந்த "ஒண்ணும் ஆகலை" எப்படி நடந்துச்சுன்னு பாத்துடுவோம். அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

வெடின்னா என்ன? உள்ள இருக்கிற மருந்து ரொம்ப வேகமா எரிஞ்சு, கண் இமைக்கிற நேரத்துல சூடான வாயுவா மாறுது. அந்த வாயுவுக்கு இடம் வேணும். காகிதச் சுத்து அதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்குது, அழுத்தம் ஏறுது, காகிதம் கிழியுது, சத்தம் வருது. கிழிஞ்சு பறக்கிறது காகிதம். ஒரு கைத்தூரம் பறந்ததும் காத்து அதோட வேகத்தைத் தின்னுடும். அதனாலதான் வெடியைக் காகிதத்துல சுத்துறாங்க. நீங்க ஒரு வெடி மேல எதைக் கவுத்தாலும், எதுக்குள்ள வச்சாலும், காகிதத்துக்குப் பதிலா அந்தப் பொருளைப் பறக்க விடுறீங்க. ஆபத்து மருந்துல பாதி, மூடுற பொருள்ல பாதி.

இப்ப தகர டப்பா. அடிப்பக்கம் திறந்திருக்கறதால வாயு கீழ் வழியா வெளியேறும், டப்பா மேல கிளம்பும். தகரம் வளையும், ஆனா லேசுல உடையாது. அதான் உங்களைக் காப்பாத்துச்சு. அப்பவும் மேல போன டப்பா கீழ வரணும் இல்லீங்களா, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், எங்க விழும்னு சொல்ல முடியாது. கொட்டாங்குச்சி அப்படி இல்லை, ரெண்டு மூணா பிளந்து பக்கவாட்டுல வரும். கண்ணாடி பாட்டில், மண் கலயம் இதெல்லாம் வளையவே வளையாது, நேரா சில்லுதான். சாணியைத் தமாஷா நினைக்கிறாங்க. சாணியில மண்ணும் பொடிக்கல்லும் கலந்திருக்கும். அதோட டெட்டனஸ்ங்கிற தசைவிறைப்பு நோய்க் கிருமியோட வித்துகள் சாணியிலயும் மண்ணுலயும் சர்வ சாதாரணமா இருக்கும். சாணித் தெறிப்புல ஒரு சின்ன கீறல் பட்டாக்கூட நல்லா கழுவிட்டு டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போட்டுக்கணும்.

நட்டு போல்ட் வெடி இந்தப் பட்டியல்லயே மோசமானது. எப்படிச் செய்யறதுன்னு இங்க சொல்ல மாட்டேன், ஏன் மோசம்னு சொல்றேன். இரும்பு கிழியாது, அதனால வாயுவுக்கு ஒரே வழி போல்ட்டைப் பிடுங்கிக்கிட்டு நேர்கோட்டுல போறதுதான். அதாவது துப்பாக்கியும் குண்டும் ஒண்ணா சேர்ந்த சாமான். தரையில எந்தப் பக்கம் சாஞ்சு விழுதோ அதைப் பொறுத்து, போட்டவன் முகத்துக்கே திரும்பி வரலாம். இன்னொண்ணு, அதுல போடற தீக்குச்சி மருந்து உரசினா பத்திக்கணும்னே செஞ்சது. அதைச் சுரண்டி எடுக்கறதும் உரசல்தான், அடைக்கிறதும் உரசல்தான்.

ஆக, டப்பா கிட்டத்தட்ட காகிதம் மாதிரி சில்லா உடையாத பொருள், வெளியேற வழியும் இருந்துச்சு, நீங்களும் தள்ளி நின்னீங்க. அதுதான் "ஒண்ணும் ஆகலை". ஆனவங்க யாரும் இந்த மாதிரி கேள்வி அனுப்பறதில்லைங்கிறதையும் நினைச்சுப் பாருங்க.

காதைப் பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம நாட்டுல வெடிக்கான சத்த வரம்பு, வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தா 145 டெசிபல் உச்சம். தூரம் பாதியாகும்போது ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 4 மீட்டர்ல 145 இருக்கிற வெடி 1 மீட்டர்ல 157. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்ற உச்ச வரம்பு 120, பெரியவங்களுக்கு 140. அதனால சட்டத்துக்கு உட்பட்ட வெடியே கிட்ட நின்னா குழந்தைக் காதுக்கு அதிகம்தான். வெடிச்ச பிறகு காதுல ஙொய்னு சத்தம் மறுநாளும் நிக்கலைன்னா காது டாக்டரைப் பாத்துடுங்க, "தானா சரியாயிடும்"னு வாரக்கணக்குல விடாதீங்க.

அடுத்து புஸ்ஸுனு போன வெடி. தீபாவளிக் காயங்கள்ல இதுக்கு ஒரு தனி இடம் இருக்கு. திரி நமத்துப் போயிருந்தா நெருப்பு நிக்கலை, மெதுவா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டு இருக்கும். ஈரம் தாண்டினதும் திரும்ப வேகம் எடுக்கும். அந்தச் சமயம் பாத்துத்தான் பசங்க குனிஞ்சு ஊதிப் பாப்பாங்க. அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகக் கூடாது. அப்புறம் நீளமான கம்பால தள்ளி, வாளித் தண்ணியில முழுசா முக்கி, ராத்திரி முழுக்க ஊற விடணும்.

போகாத வெடியையெல்லாம் பிரிச்சு மருந்தைக் காகிதத்துல கொட்டிக் கொளுத்துறது இன்னொரு பழைய பழக்கம். இப்ப இருக்கிற வெடி மருந்துல அலுமினியப் பொடி இருக்கு. கொளுத்தினா அது நின்னு எரியாது, ஒரே வெளிச்சமா பளிச்சுனு முடிஞ்சுடும். கையை இழுக்க நேரம் இருக்காது. உள்ளங்கை, புருவம், இமை, இந்த மூணும் சேர்ந்து வேகும். ஈரமானதைக் காய வச்சுக்கலாம்னு சேத்து வைக்கறதும் தப்பு. அலுமினியப் பொடி ஈரம் பட்டா தண்ணியோட வினை புரிஞ்சு சூடாகும், குவியலா இருந்தா தானாவே பத்திக்கும். சிவகாசிப் பக்கம் மருந்து கலக்கிற அறைகள்ல ஈரத்துக்கு அவ்வளவு பயப்படறது இதனாலதான். கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் சேர்ந்த கலவையைப் பட்டாசுல 1992லயே தடை பண்ணிட்டாங்க, லேசா உரசினாலே போதும்ங்கிறதால. உரிமம் இல்லாம வீட்டுல வெடி செய்யறது 1884ஆம் வருஷ வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட.

சரி, கார்பைடுக்கு வருவோம். பையன் கேட்கறது இதைத்தானே.

கார்பைடு கல்லை நம்ம ஊர்ல மாம்பழக் கல்லுனு தெரியும். பழத்தை அதை வச்சுப் பழுக்க வைக்கறது சட்டப்படி தடை, அது வேற கதை. அதுல தண்ணி பட்டா அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில எரியற அதே வாயு. அதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள்ள வச்சு லைட்டரைச் சொடுக்கி வெடிக்கிறதுதான் கார்பைடு துப்பாக்கி. நெதர்லாந்துல புத்தாண்டுக்குப் பால் கேனுக்குள்ள இதே வாயுவை வச்சு மூடியைப் பறக்க விடுறது பழைய வழக்கம். பிலிப்பைன்ஸ்ல பிளாஸ்டிக் குழாய்ல எரிபொருளை அடைச்சு வெடிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு, போகான்னு பேரு, அதைத் தடை பண்ணியிருக்காங்க. 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்துல, போபால் பக்கம், இந்தக் கார்பைடு துப்பாக்கி திடீர்னு பரவுச்சு. நூத்துக்கும் மேல ஆளுங்க கண் காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, அதுல நிறைய பேர் சின்னப் பசங்க.

ஏன் கண்ணுன்னு கேளுங்க. சமையல் கேஸ் காத்துல ஏறக்குறைய 2லிருந்து 10 சதவீதம் வரை கலந்திருந்தாத்தான் பத்தும். அசிட்டிலீன் 2.5 சதவீதத்துல ஆரம்பிச்சு 80 வரைக்கும் பத்தும். அதாவது "கலவை சரியில்லை, பத்தாது"ங்கிற நிலைமையே அதுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஒரு தடவை சொடுக்கினா வெடிக்கலைன்னா, காரணம் தீப்பொறி சரியா விழலை, அவ்வளவுதான். வாயு உள்ள ஊறிக்கிட்டே இருக்கு. பையன் என்ன பண்ணுவான்? குழாய் வாயில கண்ணை வச்சு உள்ள பாப்பான். கை தானா இன்னொரு தடவை சொடுக்கும்.

அப்ப முகத்துக்கு வர்றது மூணு. ஒண்ணு தீ. ரெண்டு, குழாய் வெடிச்சா பிளாஸ்டிக் சில்லு. அது சாதாரண எக்ஸ்ரேல லேசுல தெரியாது, டாக்டருக்கே தேட வேண்டியிருக்கும். மூணாவது, யாரும் நினைக்காதது, சுண்ணாம்பு. கார்பைடும் தண்ணியும் சேர்ந்தா மிச்சம் இருக்கிறது சுண்ணாம்புக் கூழ். ஆசிட் கண்ணுல பட்டா மேல்பரப்புல ஒரு தடுப்பு மாதிரி உறைஞ்சு ஓரளவு நின்னுடும். சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் அப்படி நிக்காது, திசுவைக் கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும். தீக்காயம் அந்த நொடியோட முடிஞ்சுடும். சுண்ணாம்பு, கழுவுற வரைக்கும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். வெடிச்சது ஒரு நொடி, கண்ணு போறது அடுத்த அரை மணி நேரத்துல.

அதனால இது நடந்துட்டா என்ன செய்யணும்னு தெளிவா கேட்டுக்கோங்க. கார்பைடோ சுண்ணாம்போ கண்ணுல பட்டிருந்தா முதல் வேலை தண்ணி. ஆஸ்பத்திரிக்கு ஓடறது ரெண்டாவது. இமையில ஒட்டியிருக்கிற துகளை சுத்தமான துணியால மெதுவா ஒத்தி எடுங்க. இமையை விரலால விரிச்சுப் பிடிச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, அழுத்தம் இல்லாத குழாய்த் தண்ணியை 30 நிமிஷம் விடுங்க. வண்டி வந்தாலும் வண்டிக்குள்ளயும் பாட்டில் தண்ணியை ஊத்திக்கிட்டே போங்க. பன்னீர், தாய்ப்பால், கண்மை, வீட்டுல கிடக்கிற பழைய சொட்டு மருந்து, எதுவும் வேண்டாம்.

சாதாரண வெடி தெறிச்சு கண்ணுல அடிபட்டு, ரத்தம் தெரியுது, இல்லை கருவிழி வட்டம் கோணலா தெரியுதுன்னா அங்க கதை தலைகீழ். கழுவாதீங்க, கசக்காதீங்க, பஞ்சை வச்சு அமுக்காதீங்க. ஒரு காகித டீ கப்பைக் கண்ணு மேல, கண்ணைத் தொடாம, எலும்புல உக்கார்ற மாதிரி கவுத்து பிளாஸ்டர் ஒட்டிட்டு 108க்குச் சொல்லுங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால சாப்பாடு தண்ணி எதுவும் குடுக்காதீங்க.

கையில தீக்காயம்னா 20 நிமிஷம் ஓடற தண்ணி. ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில அதைச் சுரண்டி எடுக்கறப்ப தோலும் கூட வரும். மோதிரம், வளையல், கயிறு இதையெல்லாம் வீக்கம் வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. தோல்ல ஒட்டிக்கிட்ட துணியைப் பிய்க்காதீங்க, சுத்தி வெட்டி விடுங்க.

கடைசிக் கேள்வி, பதிலுக்கு என்ன குடுக்கறது. "வேண்டாம்"னு மட்டும் சொன்னா பையன் மாடிக்குப் போய்ப் பண்ணுவான். அவனுக்குப் பிடிச்சது சத்தமும், ஏதோ ஒண்ணு கிளம்பிப் போறதும், தானே செஞ்சோம்ங்கிறதும். அந்த மூணும் தண்ணி ராக்கெட்டுல இருக்கு, தீயே இல்லாம.

2 லிட்டர் குளிர்பான பாட்டில் எடுங்க. கேஸ் அடைச்ச பானம் இருந்த பாட்டிலா இருக்கணும், குடிதண்ணி பாட்டில் மெலிசு, அழுத்தம் தாங்காது. பாட்டில் வாயோட உள் அளவு 21 மில்லிமீட்டர் சொச்சம். ஸ்கூல் லேப்ல இருக்கிற மாதிரி ரப்பர் கார்க் அதுக்குப் பொருத்தமா வாங்கி, நடுவுல துளை போட்டு 6 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய்த் துண்டை இறுக்கமா நுழைங்க. அதுல 5 மீட்டர் நீளத்துக்கு சுவர் தடிமனா, துளை சன்னமா இருக்கிற ஓஸ். ஓஸோட மறுமுனையில பழைய சைக்கிள் ட்யூப்ல இருந்து வெட்டின வால்வு, கிளிப் போட்டு இறுக்கினது. வால்வைக் கார்க்குலயே சொருகிடலாமேன்னு தோணும். அப்படிச் செய்யாதீங்க. ராக்கெட் கிளம்பாம நின்னுட்டா காத்தை இறக்க அது பக்கத்துலயே போக வேண்டி வரும். வால்வு 5 மீட்டர் தள்ளி உங்க கையில இருந்தா, அங்கயே நட்டைத் தளர்த்தினா போதும், காத்தும் தண்ணியும் ஓஸ் வழியா வந்துடும்.

பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி. தண்ணிதான் கீழ பீச்சி பாட்டிலை மேல தள்ளுது. தண்ணியே இல்லைன்னா புஸ்ஸுனு கொஞ்சம் எழும்பி விழுந்துடும், பாதிக்கு மேல ஊத்தினா கனம் கூடி காத்துக்கு இடம் போயிடும். கார்க்கை நனைச்சு, திருகி அழுத்துங்க, கவுத்து மூணு செங்கலுக்கு நடுவுல நிமிர்ந்து நிக்க வச்சு, எல்லாரும் ஓஸ் முனைக்கு வந்த பிறகு பம்ப் அடிங்க. பத்துப் பதினஞ்சு பம்ப் அடியில கார்க் தானா பிடுங்கிக்கும். ஒரு அடியிலயே பிடுங்கினா கார்க்கை இன்னும் இறுக்கணும். அளவுமானி இருக்கிற பம்பா இருந்தா நல்லது, காத்தழுத்தம் 60 பிஎஸ்ஐ தாண்ட விடாதீங்க. அதுக்குள்ள கிளம்பலைன்னா காத்தை இறக்கிட்டு கார்க்கைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி வைங்க.

கோணலா போகுதுன்னா கழுத்துப் பக்கம் அட்டையில மூணு இறக்கை வெட்டி டேப்பால ஒட்டுங்க, மேல் முனையில ஒரு உருண்டை களிமண். சூடான பசைத் துப்பாக்கியால ஒட்டாதீங்க, சூடு பட்ட இடத்துல பாட்டில் பலம் இழந்துடும். வெள்ளைக் கோடு மாதிரி மடிப்பு விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுத்துக்கோங்க. மொட்டை மாடி வேண்டாம், கரண்ட் கம்பி இல்லாத மைதானமா பாருங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, எந்த அளவுக்கு அதிக உயரம் போகுதுன்னு பையனையே ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. ஒரு சாயங்காலத்துல முப்பது தடவை விடலாம்.