பாத் நகரத்து வெந்நீர்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே பாத் என்றோர் ஊர். அங்கே பூமிக்கடியிலிருந்து சுமார் 46 டிகிரி சூட்டில், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் வெந்நீர் பொங்கி வருகிறது. ரோமானியர்கள் அதைச் சுற்றிக் கோயிலும் குளியல் மண்டபமும் எழுப்பினார்கள். அது இன்று அருங்காட்சியகம். பார்க்கலாம், குளிக்க முடியாது. நான் பேச வந்தது அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ‘ஹாட் பாத்’ என்ற வெந்நீர்க் குளியல் கூடம் பற்றி.

1770களில் அதைக் கட்டியவர் இளைய ஜான் வுட். பிறைபோல் வளைந்து நிற்கும் ராயல் கிரசென்ட் வீடுகளும் அவர் கைவண்ணம்தான். அந்தக் காலத்தில் இந்த ஊற்றுகளைத் தேடி வந்தவர்களில் பலர் மூட்டுவலிக்காரர்கள், கை கால் முடங்கியவர்கள். குளித்ததோடு விடவில்லை, அந்தத் தண்ணீரை மருந்தாகக் குடிக்கவும் செய்தார்கள். பிற்பாடு அரசு மருத்துவச் சேவையே வாத நோயாளிகளுக்கு இங்கே வெந்நீர்ச் சிகிச்சை கொடுத்தது. 1976இல் அது நின்றது.

இரண்டே ஆண்டில் இடி விழுந்தது. 1978இல் இங்குள்ள வெந்நீர்க் குளத்தில் நீந்திய ஒரு சிறுமி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். நம் செய்தித்தாள்கள் ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று எழுதுகின்றனவே, அதே நெக்லேரியா. மூக்கு வழியே ஏறும் கிருமி. குளங்களைப் பூட்டிவிட்டார்கள்.

கோளாறு ஆழத்து நீரில் இல்லை, அது மேலே வந்துசேரும் வழியில். எனவே 1983இல் ஆழ்துளைக் குழாய் இறக்கிச் சுத்தமான நீரை எடுத்தார்கள். பிறகு ஹாட் பாத்தை ஒட்டிப் புதிய குளியல் நிலையமாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், பாதிப் புகழ் அந்தக் குழாய்க்குச் சேர வேண்டும்.

கண்ணாடிக் கட்டடம் கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் கிரிம்ஷாவின் வடிவமைப்பு. புத்தாயிரம் ஆண்டையொட்டி தேசிய லாட்டரி நிதியிலிருந்து பணமும் கிடைத்தது. பழைய ஹாட் பாத்தை இடிக்காமல் புதியதோடு இணைத்தார்கள். 2003 ஆகஸ்டில் பவரொட்டி உட்பட மூன்று பெரும் பாடகர்களை வரவழைத்துத் திறப்புவிழாக் கச்சேரியும் நடத்தியாயிற்று, கட்டடம்தான் தயாராகவில்லை! குளத்துப் பூச்சு உரிந்தது, வழக்கும் வாதமும் வளர்ந்தன. ஒரு கோடியே முப்பது லட்சம் பவுண்டு என்று போட்ட கணக்கு நாலரைக் கோடியில் போய் முடிந்தது. 2006இல் ஒருவழியாகத் திறந்தார்கள்.

இன்று தெர்மே பாத் ஸ்பா என்ற பெயரில் நடக்கிறது. வருகிறவர்கள் மொட்டைமாடிக் குளத்தில் மிதந்தபடி தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். ஊற்றின் சூடு அப்படியே தாங்காது என்பதால், நீரை 33 டிகிரி அளவுக்கு ஆற்றித்தான் விடுகிறார்கள். வுட் கட்டிய குளத்துக்குக் கண்ணாடிக் கூரை வந்துவிட்டது. அதன் கீழே, நீரில் மிதக்கவைத்து உடம்பைப் பிடித்துவிடும் வாட்சு சிகிச்சை தருகிறார்கள். மருத்துவர் சீட்டு தேவையில்லை. முன்பதிவும் பணமும் இருந்தால் போதும்.