முதல் கேமிங் கம்பியூட்டர்: காசை எதில் போடுவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர் ஒரு தாளோடு என்னிடம் வருவார்கள். யூடியூப் பார்த்து எழுதிய பட்டியல் அது. முதல் வரியில் புரொசெசர், அடுத்ததில் கிராபிக்ஸ் கார்ட், இரண்டுக்கும் மாதிரி இலக்கம்கூட எழுதியிருக்கும். கடைசி வரியில் "பவர் சப்ளை, ஏதாவது" என்று இருக்கும். கேட்டால், "அது கேசிங்கோடையே வருதுதானே அண்ணா?" என்பார்கள். இன்றைய உரையில் அந்த "ஏதாவது" என்ற சொல்லைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். திருகோணமலையில் கம்பியூட்டர் கட்டுகிறவருக்கு அது கொழும்பில் கட்டுகிறவரைவிட முக்கியம்.

காசு அளவாக இருக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பிறகு காசு வரும்போது இதை மட்டும் கழற்றி மாற்றலாமா? இது பழுதானால் மற்றவற்றையும் சேர்த்துக் கெடுக்குமா? தனியாக மாற்றக்கூடியதை இன்று சிறிதாக வாங்கலாம். மாற்றினால் மற்றதெல்லாம் மாற வேண்டிவரும் என்பதிலும், மற்றதைக் கெடுக்கும் என்பதிலும் கை இறுக்கக் கூடாது.

முதலில் மொனிட்டர். எல்லாரும் கடைசியாக யோசிப்பது அதைத்தான். 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 4கே திரையில் 80 இலட்சத்துக்கும் மேல். அத்தனை புள்ளியையும் செக்கனுக்கு அறுபது தரமோ நூறு தரமோ வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அதனால் திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் விலையும் ஏறும். முதல் கம்பியூட்டருக்கு 1080 திரை போதும். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வீட்டில் ஏற்கெனவே இருந்தால், கார்ட் செக்கனுக்கு 150 படம் வரைந்தாலும் அந்தத் திரை காட்டப்போவது 60தான் என்பதை நினைவில் வையுங்கள். வலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற போட்டி விளையாட்டுகள்தான் உங்கள் விருப்பம் என்றால், பெரிய கார்டுக்குப் போகும் காசில் கொஞ்சத்தை எடுத்து 144 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்குப் போடுங்கள். அந்த விளையாட்டுகள் நடுத்தரக் கார்டிலேயே நன்றாக ஓடும். அவை கூடுதலாகக் கேட்பது நல்ல புரொசெசரை. சைபர்பங்க் 2077 போன்ற கனமான கதை விளையாட்டுகளுக்குக் கணக்கு மறுபக்கம். அங்கே கார்ட்தான் எல்லாம்.

இனி கார்ட். மொனிட்டரைத் தவிர்த்து, பெட்டிக்குள் போகும் நூறு ரூபாயில் முப்பத்தைந்து முதல் நாற்பது ரூபாய் வரை கார்டுக்குப் போவது நியாயம். 1080 திரைக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை இந்த வட்டத்தில் வருகின்றன. ஆர்எக்ஸ் 6600 வெளிவந்தது 2021இல். 8 ஜிபி நினைவகம், 132 வாட்ஸ் மின்சாரம். குறைந்த காசில் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 4 ஜிபி நினைவகம் உள்ள கார்டுகளைப் புதிதாக வாங்காதீர்கள். அதே வரிசையில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பெயரில் அண்ணன் தம்பி போலத் தெரியும். ஆனால் அது மதர்போர்டோடு நான்கு பாதையில் மட்டும் பேசுகிறது; பழைய மதர்போர்டில் போட்டால் இன்னும் மெதுவாகிவிடும்.

பாவித்த கார்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் பாதிப் பேர் வாங்குவது அதைத்தான். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டுச் சம்பாதிப்பதைத் தோண்டுதல் (மைனிங்) என்பார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகமெங்கும் சந்தைக்கு வந்தன, நம் நாட்டுக்கும் வந்தன. தோண்டிய கார்ட் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டிக் காட்டாமல் விற்கிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அரை மணித்தியாலம் ஒரு கனமான விளையாட்டை ஓடவிட்டு, மின்விசிறிச் சத்தம், வெப்பநிலை, திரையில் கோடு வருகிறதா என்று பாருங்கள். தகட்டிலும் திருகாணியிலும் துரு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். பழைய சில்லுக்குப் புதிய பெயர் எழுதி விற்கும் போலி கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 வாங்குகிறவர்கள் அதில் ஷேடர் எண்ணிக்கையை, அதாவது சில்லுக்குள் இருக்கும் சிறு கணிப்பு அலகுகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். முழுமையான 580க்கு அது 2304. 2048 என்று காட்டினால் உங்கள் கையில் இருப்பது நடைமுறையில் 570. அதற்கு 580இன் விலை கொடுக்காதீர்கள்.

புரொசெசரையும் மதர்போர்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை. மதர்போர்டைத் தெரிவு செய்தால், அடுத்த சில வருடங்களுக்கு எந்தப் புரொசெசர், எந்த ரேம் என்பதையும் சேர்த்தே தெரிவு செய்கிறீர்கள். குறைந்த செலவுக்கு ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டில் ரைசன் 5 5600. ஏஎம்4, ஏஎம்5 என்பவை புரொசெசர் பொருந்தும் இடத்தின் வகைப் பெயர்கள். ஆறு கோர், 65 வாட்ஸ், கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். இன்டெல் பக்கம் போனால் ஐ3 12100எஃப், ஐ5 12400எஃப். முடிவில் 'எஃப்' இருந்தால் அந்தப் புரொசெசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏஎம்4 பழைய தளம், அதற்குப் புதிய வேகமான தலைமுறை இனி வராது. ஏஎம்5இல் ரைசன் 5 7600 வாங்கினால் பிறகு புரொசெசரை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம், 2027 வரையும் அதற்கு அப்பாலும் இந்தத் தளத்தை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அது டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏற்கும். 2025இன் கடைசி மாதங்களில் இருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், ரேம் விலை உலகமெங்கும் ஏறிவிட்டது. அதனால் இன்றைக்கு டிடிஆர்4 ரேம் பாவித்ததாகவாவது கிடைக்கும் ஏஎம்4தான் கையைக் கடிக்காது என்பது என் கருத்து. ரேம் என்பது பாவித்ததாகத் துணிந்து வாங்கக்கூடிய பாகம். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளில் ஒரு சுற்று ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் போதும்.

ஒரே தடவையில் முழுக் காசும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ரைசன் 5 5600ஜி என்ற புரொசெசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. அதை வாங்கி, கார்ட் இல்லாமலே வலரன்ட் விளையாடலாம், படிக்கலாம். சீட்டுக் காசு வந்ததும் கார்டைச் சேர்க்கலாம். அதன் சில்லுக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம் (கேஷ்) 5600இல் இருப்பதில் பாதிதான், அதனால் பெரிய கார்ட் சேரும்போது சற்றுப் பின்னால் நிற்கும். அதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் நல்ல முடிவுதான். இந்த வழியில் போகிறவர் ஒரே 16 ஜிபி ரேமை விட்டு இரண்டு 8 ஜிபியாகவே போட வேண்டும், ஏனென்றால் உள் கிராபிக்ஸ் ரேமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது.

அலுவலகங்களில் இருந்து கழித்த பழைய கம்பியூட்டரில் கார்டைச் செருகலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. செலவு குறைவுதான். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்பது இன்டெல் எட்டாம் தலைமுறையில் இருந்துதான். நான்காம் தலைமுறை ஐ7 என்று சொல்லி விற்பதைப் பிள்ளைக்காக வாங்கிவிடாதீர்கள்.

விளையாட்டுகளையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1 டிபி முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் 500 ஜிபி என்விஎம்இ, அதாவது மதர்போர்டிலேயே செருகும் வேகமான வகை. பிறகு இன்னொன்று சேர்க்கலாம்.

இப்போது அந்த "ஏதாவது".

கேசிங்கோடு இலவசம் போல வரும் பவர் சப்ளையின் பக்கத்தில் 500 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்பாதீர்கள். கீழே சிறிய அட்டவணை ஒன்று இருக்கும், அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட்ஸ். கார்டும் புரொசெசரும் உண்பது அந்த 12 வோல்ட் வழியில்தான். நேர்மையான 550 வாட்ஸ் பவர் சப்ளையில் அந்த இடத்தில் 45 அம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும், பெருக்கினால் 540. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதற்குள் பாதுகாப்புச் சுற்று எப்படி இருக்கிறது என்று சொல்லாது. பெயர் தெரிந்த நிறுவனத்தின், ஐந்து வருட உத்தரவாதம் உள்ள 550 வாட்ஸ் ஒன்றை வாங்கினால், நாளைக்குக் கார்டை மாற்றும்போதும் அதுவே நிற்கும். தரம் குறைந்தது எரியும்போது சில வேளை மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நாற்பது ரூபாய்ப் பாகத்தை எட்டு ரூபாய்ப் பாகத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தூங்க முடியாது.

சுவரில் இருந்து வருவதையும் பார்க்க வேண்டும். எங்கள் பழைய வீடுகளில் வட்டக் கால் ப்ளக் போயின்ட்தான் இன்னும் இருக்கிறது. கம்பியூட்டர் வயர் சதுரக் காலோடு வரும். இடையில் ஒரு மலிவு அடாப்டரைச் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துபோகலாம். கேசிங்கைத் தொடும்போது விரலில் மெல்லிய விறுவிறுப்புத் தெரிந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். ஒரு மின் வேலையாளைக் கூப்பிட்டு அதைச் சரிபார்த்த பிறகு கம்பியூட்டரைப் பூட்டுங்கள். சித்திரை மாதத்திலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும்போது ப்ளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாலும் வரும்.

2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இப்போது நிலைமை அப்படியில்லை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதே. யூபிஎஸ் வாங்கினால் 650 விஏ என்ற எழுத்தை 650 வாட்ஸ் என்று எடுக்காதீர்கள். பெரும்பாலும் 360, 390 வாட்ஸ்தான். நான் சொன்ன 5600உம் 6600உம் விளையாட்டில் இருக்கும்போது 250 வாட்ஸ் அளவில் இழுக்கும், மொனிட்டர் தனி. 1000 விஏக்கு மேல் போனால் மூச்சு விட இடம் இருக்கும். யூபிஎஸ் விளையாட்டைத் தொடர்வதற்கு அல்ல. சேமித்துவிட்டு நிதானமாக நிறுத்துவதற்கு.

கேசிங்கில் முன்பக்கம் முழுக் கண்ணாடி இருப்பது அழகுதான். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும் ஊரில், பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும் அறையில், அந்தப் பெட்டி வேகும். முன்பக்கம் வலை வைத்த கேசிங், முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு நேரே யன்னல் உள்ள வீட்டில் இருப்பவர்கள் பெட்டியை அந்த யன்னலடியில் வைக்காதீர்கள். உப்பு படிந்த தூசி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வாடைக் காலத்தில் சில வாரம் பாவிக்காமல் மூடி வைத்தால் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும்.

எங்கே வாங்குவது? பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவும் அதிகம், விலையும் இறங்கும். ஆனால் பழுதானால் அந்த 260 கிலோமீற்றர் தூரமும் திரும்பப் போக வேண்டும். கார்டையும் புரொசெசரையும் கொழும்பில் வாங்குங்கள்; பவர் சப்ளை, யூபிஎஸ் போன்றவற்றை நகரத்திலேயே, நாளைக்கும் முகம் பார்த்துக் கேட்கக்கூடிய கடையில் வாங்குங்கள். பில்லின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். எரிந்த அடையாளம், துரு இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல கடைகள் எழுதியிருக்கும். துரு என்ற சொல் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும்.

கட்டும்போது அவசரம் வேண்டாம். இரண்டு ரேமை நான்கு துளை உள்ள மதர்போர்டில் புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போடுங்கள். புரொசெசருக்கான எட்டுக் கால் வயரும் கார்டுக்கான எட்டுக் கால் வயரும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். இலகுவாகப் போகாவிட்டால் அழுத்தாதீர்கள், அது வேறு வயர். மொனிட்டர் வயரைக் கார்டில் பூட்டுங்கள், மதர்போர்டில் பூட்டினால் கார்ட் சும்மா இருக்கும், உள் கிராபிக்ஸ் இல்லாத 5600 போன்ற புரொசெசரில் படமே வராது. கம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் போய், ரேமின் வேக அமைப்பான எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் ரேம் அதன் உண்மையான வேகத்துக்கு வரும். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் அமைப்பிலும் 144 என்று மாற்ற வேண்டும், பெரும்பாலும் தானாக மாறாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், வெயில் ஏறிய ஒரு மத்தியானத்தில், உங்களிடம் உள்ள கனமான விளையாட்டை இரண்டு மணித்தியாலம் விடாமல் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். ரைசன் 5600 தாங்கும் எல்லை 90 பாகை. அதைத் தொட்டுக்கொண்டே நின்றால் கூலரைக் கழற்றி, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாகப் பூசி மறுபடி பூட்டுங்கள். நடுவில் கம்பியூட்டர் தானாக நின்று மறுபடி தொடங்கினால் பவர் சப்ளையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கடைக்குப் போங்கள். பெட்டிகளையும் மட்டைகளையும் உத்தரவாதம் முடியும்வரை எறியாதீர்கள்.

நன்றி, வணக்கம்.