நாற்பத்து மூன்றில் முதல் குத்து

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, என் அணித் தோழர்களே, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

"முப்பதைத் தாண்டியவர்கள் குத்துச்சண்டை கற்கத் தொடங்குவது தேவையா, தேவையற்றதா?" இதுதான் தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். தலையில் அடிபட்டால் மூளை கெடும், முகமது அலியைப் பாருங்கள் என்றார் மருத்துவர் ஐயா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டார் பேராசிரியர் அம்மா. இந்த வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்ள நடைப்பயிற்சி போதாதா என்றார் மூன்றாவதாக வந்த தம்பி.

எனக்கு வயது 44. ராயபுரத்தில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதனால் பேராசிரியர் அம்மாவின் கேள்வியை என் முழங்காலிடமே கேட்டுச் சொல்லிவிட முடியும்.

இரண்டாவது வாரம் மாஸ்டர் ஒரு கயிற்றை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக என் தோள் உயரத்தில் கட்டினார். அதன் அடியில் இப்படியும் அப்படியுமாகத் தாழ்ந்து எழுந்துகொண்டே முன்னால் போக வேண்டும். வருகிற குத்துக்கு அடியில் நுழைந்து தப்பிக்கிற பயிற்சி அது. தலையைக் குனிந்தால் எதிரில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். இடுப்பை வளைத்தால் நம் முகமே முன்னால் போய் நின்றுவிடும். முதுகு நிமிர்ந்தபடி, பார்வை நேராக, முழங்கால் மட்டும் மடங்க வேண்டும். "இடுப்பு வேணாம்க்கா, முட்டி, முட்டி" என்று மாஸ்டர் கூடவே நடந்து வருவார். இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த முழங்கால். முதல் நாள் கயிற்றின் பாதி தூரம்கூட என்னால் போக முடியவில்லை. மூன்றாவது மாதம் அந்தக் கயிற்றின் முழு நீளத்துக்கும் போய்த் திரும்பி வந்தேன். அம்மா, வளைந்தது.

மருத்துவர் ஐயா சொன்னது லேசான விஷயம் இல்லை. அலியின் பெயரைச் சொன்னதும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டியில் இறங்கியபோது, அந்தக் கூட்டத்தில் நின்றவர் அவர். இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று அணி கட்டி ஆங்கிலக் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னை அது. அலி வந்தால் சும்மா இருக்குமா? நாலே வருஷத்தில், 1984இல், அலிக்குக் கை கால் நடுங்கவைக்கும் பார்க்கின்சன் நோய் என்று செய்தி வந்தபோது அப்பா அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அலி தொழில்முறையில் ஆடியவை மட்டும் 61 போட்டிகள். அவருடைய நோய்க்கு அந்த அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பிக்கப் போவதில்லை. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளைக்குக் கெடுதல்தான். ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே இதை எழுதிவைத்துவிட்டார். அதற்கு எதிராக நான் ஒரு சொல் பேச மாட்டேன்.

ஆனால் ஐயா, நாற்பது வயதில் கற்க வருபவரின் தலையில் யார் அடிக்கிறார்கள்? எங்கள் கூடத்தில் எதிரெதிர் நின்று மோதும் பயிற்சி எனக்குக் கட்டாயம் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாஸ்டரும் சரி என்றார். வயது வந்தவர்களைச் சேர்த்த முதல் மாதமே தலையில் கவசத்தை மாட்டி மோதவிடுகிற கூடம் எங்கேயாவது இருந்தால், அங்கே போகாதீர்கள் என்று ஐயாவோடு சேர்ந்து நானும் சொல்வேன். நான் குத்துவது தொங்குகிற பேக்கை. இல்லாவிட்டால் குத்து வாங்க மாஸ்டர் கையில் மாட்டிப் பிடிக்கும் மெத்தையை, அதாவது பேட். பேக் திருப்பி அடிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்காக 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ராக் ஸ்டெடி பாக்ஸிங் என்று ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். நோயாளிகள் கையில் கிளவுஸ் மாட்டி பேக்கைக் குத்துகிறார்கள். அவர்களை யாரும் குத்துவதில்லை. காலைப் பெரிதாக எடுத்து வைப்பதும், நிலை தடுமாறாமல் திரும்புவதும், இரண்டு கையையும் மாற்றி மாற்றி வேகமாக நீட்டுவதும்தான் பயிற்சி. அந்த நோய் பறிக்கப் பார்ப்பதும் அதையெல்லாம்தான். நோய் வந்த முதியவரே பேக்கின் முன்னால் நிற்கிறார் என்றால், நாற்பது வயதுக்காரர் நிற்பதில் என்ன தடை ஐயா?

கை மணிக்கட்டு சுளுக்கும், சுண்டுவிரல் பக்கம் எலும்பு முறியும் என்றும் ஐயா சொன்னார். உண்மை. அதனால்தான் கைக்கட்டு. விரல்களும் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றைக் காக்க 180 அங்குலம், அதாவது ஏறக்குறைய நாலரை மீட்டர் துணி. கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, அப்புறம் ஒவ்வொரு விரலிடுக்கு வழியாகவும் ஒரு முறை. இறுக்கினால் விரல் மரத்துப்போகும், தளர்த்தினால் கட்டியே பயனில்லை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "விரலை நல்லா விரிங்க ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். என் கையை யாராவது பிடித்து எதையாவது சொல்லிக்கொடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, நடுவர் ஐயா.

இன்று நான் பேச வந்ததே இதைத்தான். வயது ஏற ஏற நமக்கு உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கற்றுக்கொடுக்கிறவர்கள் இல்லாமல் போகிறார்கள். தெரியாது என்று சொல்லவே கூச்சப்படுகிறோம். அந்தக் கூடத்தில் எனக்கு எதுவுமே தெரியாது. முன்னால் போனால் முன்கால் முதலில், பின்னால் போனால் பின்கால் முதலில், கால் பின்னக்கூடாது. நடக்கவே புதிதாகக் கற்றேன். ஜாப் என்கிற முன்கைக் குத்து ஒன்றுக்கே இரண்டு மாதம் போனது. தோள் தாடை வரைக்கும் எழ வேண்டும், மூச்சு உஸ்ஸென்று வெளியேற வேண்டும், போன வழியிலேயே கை போனதைவிட வேகமாகத் திரும்ப வேண்டும். எனக்குப் பெரிய சிக்கல் கண். பேட் முகத்தருகே வந்தாலே இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொள்ளும். "கண்ணை மூடினா எங்கேர்ந்து வருதுன்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டுவிட்டு, மாஸ்டர் மூன்று வாரம் வேறு எதுவும் செய்யாமல் பேடை மெதுவாக என் நெற்றிக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வார முடிவில் கண் மூடவில்லை.

என் அணித் தோழி இதைத் தற்காப்பு என்றார். அவருக்குப் பாதி சம்மதம்தான் தருவேன். கத்தியோடு வருகிறவன் முன்னால் ஒரு வருஷப் பயிற்சி போதாது, ஓடுவதே சரி. ஆனால் பயந்தால் கண்ணை மூடுகிற பழக்கம் கூடத்துக்கு வெளியேயும் என்னிடம் இருந்தது. அலுவலகத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

தம்பியின் நடைப்பயிற்சிக்கு வருகிறேன். நடங்கள், நானும் நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனம், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவதை நடை தராது. நடக்கும்போது வீட்டுக் கடனும் கூடவே நடந்து வரும், தம்பி. குத்துச்சண்டையில் 3 நிமிடம் ஒரு சுற்று, 1 நிமிடம் ஓய்வு. 1867இல் குவீன்ஸ்பெரி விதிகள் வகுத்த கணக்கு. அந்த மூன்று நிமிடத்தில் இடது கை கொஞ்சம் தாழ்ந்ததா, குதிகால் திரும்பியதா என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் நிற்காது.

நாற்பது வயதுக்கு மேல் பதக்கமா வாங்கப் போகிறீர்கள் என்று எதிரணியில் ஒரு குரல் கேட்டது. இல்லை. ஒலிம்பிக் குத்துச்சண்டை மேடையில் 40 வயதுக்கு மேல் அனுமதியே கிடையாது. அந்தக் கதவு மூடிய பிறகுதான் நான் தொடங்கினேன். ஆனால் என் கையில் துணி சுற்றிய அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கிறது. அவளைப் போன்றவர்களுக்குக் குத்துச்சண்டை என்பது ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அவர்களிடம் மாஸ்டர் பணம் வாங்குவதில்லை. எங்களைப் போன்ற பெரியவர்கள் கட்டும் மாதக் கட்டணத்தில்தான் அவர்களுக்குக் கிளவுஸ் வாங்குகிறார்.

அடுத்த மாதம் அவளுக்கு மாவட்டப் போட்டி. பேட் பிடிப்பதற்கும் பழக்கம் வேண்டும். குத்து வரும்போது கையைத் தளரவிட்டால் குத்துகிறவளுக்குத் தோள் போகும். போன வாரம்தான் மாஸ்டர் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அவளுக்குப் பேட் பிடிக்கப் போவது நான். சீக்கிரம் தூங்க வேண்டும். வாய்ப்புக்கு நன்றி ஐயா, வணக்கம்.