கொண்டாடினவன்தான் கணக்குக் கேட்டான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

"அடிமை முறை ஒழிந்த நாள் கொண்டாட வேண்டிய நாளா, கணக்குக் கேட்க வேண்டிய நாளா?" இதுதான் தலைப்பு. கொண்டாட வேண்டிய நாள் என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது அரங்கத்தில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அந்த அமைதியில் எழுந்து வந்து "கொண்டாடுவோம்" என்று ஆரம்பிப்பது எவ்வளவு சங்கடம் என்று நடுவருக்குத் தெரியும். சாவு வீட்டில் கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவன் மாதிரி நிற்கிறேன்.

அவர் அடுக்கிய கணக்கை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நேரம் மிச்சம். 1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது, 1834 ஆகஸ்ட் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது, 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள், அதுவும் சாட்டையடி பட்டவனுக்கு இல்லை, சாட்டை வைத்திருந்தவனுக்கு. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. அதற்கு வாங்கிய கடன் 2015-ல்தான் அடைந்து முடிந்தது. பிரிட்டன் நிதித்துறை 2018-ல் இதை ஏதோ தானம் செய்த மாதிரி ட்விட்டரில் பெருமையாகப் போட்டு, பலரும் திட்டியதும் சத்தமில்லாமல் அழித்துவிட்டது. சரி, அப்படியாவது விட்டார்களா? வயலில் வேலை செய்தவர்கள் இன்னும் ஆறு வருஷம் அதே முதலாளியிடம், வாரத்தில் பெரும்பகுதி கூலியில்லாமல், 'பயிற்சியாளர்' என்ற பெயரில் உழைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சி!

இவ்வளவும் உண்மை. இதில் ஒரு வரியைக்கூட மறுக்க நான் வரவில்லை. ஆனால் எதிரணி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த முதல் ஆகஸ்ட் 1 அன்று, விடுதலையானவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்?

அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியத் தீவு டிரினிடாடுக்கு வாருங்கள். 1834 ஆகஸ்ட் 1. போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் ஆளுநர் மாளிகை வாசலில் கூட்டம். கையில் ஆயுதம் இல்லாத, பெரும்பாலும் வயதான ஜனங்கள். ஆளுநர் ஜார்ஜ் ஹில் வெளியே வந்து, ஆறு வருஷப் பயிற்சியைப் பற்றிப் பொறுமையாக விளக்கப் பார்க்கிறார். கூட்டம் அவரைப் பேச விடவில்லை. அவர்கள் பேசிய மொழியில் ஒரே கோஷம்: ஆறு வருஷம் வேண்டாம், ஆறு வருஷம் வேண்டவே வேண்டாம்! சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த நாட்களும் கூட்டம் குறையவில்லை. ஐயா, உலகத்தின் முதல் ஆகஸ்ட் 1 விடுதலை நாளே ஒரு ஆர்ப்பாட்டம்தான். எதிரணி இன்றைக்குக் கேட்கிற கணக்கை அந்தக் கிழவர்களும் கிழவிகளும் அன்றைக்குக் காலையிலேயே கேட்டுவிட்டார்கள். அதே டிரினிடாடில் விடுதலைக்குப் பிறகு அந்த மக்கள் தீப்பந்தமும் மேளமுமாக ஊர்வலம் போனார்கள், கான்பூலே என்று பெயர். 1881-ல் அதை நிறுத்தப் போன போலீஸ்காரர்கள் என்ன வாங்கினார்கள் என்பது அந்தத் தீவில் இன்றைக்கும் பேச்சு. வெறும் ஆட்டம் பாட்டம் என்றால் ஒரு அரசாங்கம் ஏன் தடியெடுத்துக்கொண்டு வர வேண்டும்?

ஆறு வருஷம் ஓடவில்லை, 1838 ஆகஸ்ட் 1 அன்றே பயிற்சி முறை முடிந்தது. அதற்கு முந்தின ராத்திரி ஜமைக்காவில் ஃபால்மத் என்ற ஊரில் வில்லியம் நிப் என்ற பாதிரியாரின் தேவாலயத்தில் ஜனங்கள் கண்விழித்துக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? சவப்பெட்டி ஒன்று தயார் செய்து வைத்திருந்தார்கள். அதற்குள் சங்கிலி, சாட்டை, கழுத்தில் மாட்டுகிற இரும்பு வளையம். அதைக் கொண்டுபோய்க் குழிவெட்டிப் புதைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரக்கன்று நட்டார்கள். எதிரணித் தலைவர் என்னைப் பார்த்துத் துக்கத்துக்கு மரியாதை தெரியாதவர் என்றார். ஐயா, நாங்களும் சாவு எடுக்கத்தான் சொல்கிறோம். யாருடைய சாவு என்பதில்தான் நமக்குள் தகராறு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தங்கை நல்ல கேள்வி கேட்டார். "ஆகஸ்ட் 1 என்பது லண்டன் குறித்துக் கொடுத்த தேதி, கொடுத்தவன் தேதியை வாங்கினவன் ஏன் கொண்டாட வேண்டும்?" என்றார். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் லண்டனுக்கு அந்த இரக்கம் திடீரென்று எங்கிருந்து வந்தது? 1831 கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமைப் பிரசங்கியார் தலைமையில், கூலி இல்லாமல் இனி வேலை இல்லை என்று ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் கருவியைக் கீழே போட்டார்கள். அது கலகமாக வெடித்து, தோட்டங்கள் எரிந்து, அடக்கி முடித்த பிறகு 300-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். சாம் ஷார்ப்பைத் தூக்கிலிட்டது 1832 மே மாதம். நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது 1833 ஆகஸ்ட். நடுவில் எத்தனை மாதம் என்று தங்கையே விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். கொடுத்தவன் தேதியாம்!

பிரேசிலையும் அவர்தான் சொன்னார். அங்கே 1888 மே 13 அன்று இளவரசி இசபெல் கையெழுத்துப் போட்டார், சட்டத்தில் மொத்தமே இரண்டு ஷரத்து, நிலம் இல்லை, காசு இல்லை, போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அதனால் பிரேசிலின் கறுப்பின இயக்கங்கள் மே 13 வேண்டாம் என்று தள்ளிவிட்டன. இது எனக்கு எதிரான சாட்சி மாதிரி தெரியும், கொஞ்சம் வலிக்கவும் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் தங்கை பாதியில் நிறுத்திவிட்டார். மே 13-ஐத் தள்ளியவர்கள் சும்மா வீட்டில் உட்கார்ந்தார்களா? தப்பி ஓடிய அடிமைகள் காட்டுக்குள் கட்டிய பால்மரெஸ் குடியிருப்பின் தலைவன் சும்பி கொல்லப்பட்ட நாள், 1695 நவம்பர் 20. அந்த நாளைத் தங்கள் நாளாக எடுத்துக்கொண்டார்கள், 1971-லேயே போர்ட்டோ அலெக்ரேயில் ஒரு சின்னக் குழு தொடங்கியது, 2024-லிருந்து நாடு முழுக்க அரசு விடுமுறை. நாளை மாற்றினார்களே தவிர விழாவை விடவில்லை. எந்தத் தேதி என்று சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

அமெரிக்காவுக்கு வருவோம். இங்கே எனக்குக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும், நடுவர் மணியில் கை வைக்காமல் இருந்தால் நல்லது.

அமெரிக்காவில் அடிமை முறை உயிரோடு இருந்தபோதே, அங்கிருந்த சுதந்திரக் கறுப்பின மக்கள் கரீபியத் தீவுகளின் ஆகஸ்ட் 1-ஐக் கொண்டாடினார்கள். அடுத்த வீட்டுக்காரனுக்கு விடுதலை, இவர்கள் ஏன் ஊர்வலம் போகிறார்கள்? கூட்டம் கூட ஒரு சாக்கு வேண்டுமே. 1857-ல் நியூயார்க் மாநிலத்தின் கேனன்டேக்வா என்ற ஊரில் அப்படி ஒரு விழாவில்தான், தானே அடிமையாக இருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ், கேட்காமல் எந்த அதிகாரமும் எதையும் விட்டுக்கொடுத்தது கிடையாது என்று முழங்கினார். உரிமைப் போராட்டம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று வரை அதைச் சொல்கிறார்கள். அதைப் பேசின இடம் நீதிமன்றமா, நாடாளுமன்றமா? விழா மேடை ஐயா, விழா மேடை.

அப்புறம் ஜூன்டீன்த், அதாவது ஜூன் 19 விடுதலை நாள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1. அடிமைகளுக்கு விடுதலை என்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கார்டன் கிரேஞ்சரின் ஆணை வந்தது 1865 ஜூன் 19. இரண்டரை வருஷம் தாமதம், டெக்சாஸில் காத்துக்கிடந்த அடிமைகள் சுமார் 2,50,000 பேர். அந்த ஆணையிலேயே, இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை பாருங்கள் என்று ஒரு புத்திமதி வேறு. அடுத்த வருஷத்திலிருந்தே ஜனங்கள் அந்த நாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பொது இடத்தில் கூட விடாமல் பல ஊர்களில் துரத்தினார்கள். ஹூஸ்டன்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், 1872-ல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு 10 ஏக்கர் நிலத்தையே வாங்கிவிட்டார்கள், வருஷத்தில் ஒரு நாள் கொண்டாடுவதற்காக. அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்து ஏழே வருஷம், நிலம் கொடுக்கிறேன் என்று சொன்ன அரசாங்கம் கொடுக்கவில்லை, விழாவுக்கென்று இவர்களே வாங்குகிறார்கள். இன்றைக்கும் அது விடுதலைப் பூங்கா என்ற பெயரோடு இருக்கிறது.

ஓப்பல் லீ என்ற பாட்டியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெக்சாஸ்காரர். 1939-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது, வெள்ளையர் தெருவில் குடிவந்தார்கள் என்பதற்காக ஒரு கும்பல் அவர்கள் வீட்டைச் சூறையாடி எரித்தது. தேதி ஜூன் 19. அந்தக் குடும்பத்துக்கு அந்த நாள் துக்க நாளாகவே இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அந்தப் பாட்டி 89 வயதில், 2016-ல், ஜூன் 19 தேசிய விடுமுறையாக வேண்டும் என்று வாஷிங்டனை நோக்கி நடக்கத் தொடங்கினார். போகிற ஊரிலெல்லாம் இரண்டரை மைல் நடந்தார், அந்த இரண்டரை வருஷத்துக்கு ஒரு கணக்கு. 2021-ல் சட்டம் கையெழுத்தானபோது பக்கத்தில் நின்றார். எதிரணியில் யாராவது இவரைப் பார்த்து "உங்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியவில்லை பாட்டி" என்று சொல்வார்களா? சொல்லிப் பாருங்கள், நான் தள்ளி நின்று பார்க்கிறேன்.

விடுமுறை விட்டால் வியாபாரம் ஆகிவிடும் என்கிறார்கள். ஆகும்தான். 2022-ல் ஒரு பெரிய கடைச் சங்கிலி ஜூன்டீன்த் ஐஸ்கிரீம் போட்டது, ஜனங்கள் போட்ட போட்டில் திரும்ப எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் அந்தக் கதை, தீபாவளிக்குத் தள்ளுபடி போடுகிறார்கள் என்று யாரும் தீபாவளியை விட்டுவிடவில்லை.

நெதர்லாந்து விஷயம் இன்னும் சுவாரசியம். அவர்கள் ஆண்ட சூரினாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமைகளுக்கு விடுதலை, அதிலும் பத்து வருஷம் அரசுக் கண்காணிப்பில் கட்டாய வேலை. அந்த நாளுக்கு சூரினாம் மக்கள் வைத்த பெயர் கெட்டி கோட்டி, சங்கிலி அறுந்தது என்று அர்த்தம். 2022 டிசம்பரில் டச்சுப் பிரதமர் ருத்தே மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றதும், சூரினாம் வம்சாவளி அமைப்புகள் சில நீதிமன்றத்துக்கே போய்விட்டன. மன்னிப்பு வேண்டாம் என்றா? இல்லை. டிசம்பரில் உனக்குத் தோன்றின நாளில் ஏன் கேட்கிறாய், ஜூலை 1 அன்று, எங்கள் நாளில் வந்து கேள் என்று! வழக்கு தோற்றுப்போனது, ஆனால் அடுத்த ஜூலை 1 அன்று ஆம்ஸ்டர்டாம் பூங்காவில் அதே விழாவில், அரசர் வில்லெம் அலெக்சாண்டரே நின்று மன்னிப்புக் கேட்டார்.

துக்கத்துக்கு இடமில்லையா என்று கேட்காதீர்கள். மொரீஷியஸில் ல மோர்ன் என்று ஒரு மலை. ஓடிப்போன அடிமைகள் ஒளிந்திருந்த இடம். 1835 பிப்ரவரி 1 விடுதலைச் செய்தியைச் சொல்ல சிப்பாய்கள் மலையேறி வருவதைப் பார்த்து, பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 1-ம் அந்த மலையடியில் மலர் வைக்கிறார்கள், அன்றைக்கே பாட்டும் உண்டு, செகா ஆட்டமும் உண்டு. ஒரே நாளில் அழவும் ஆடவும் அந்த ஜனங்களுக்குத் தெரிகிறது. இங்கே தலைப்பு வைத்த நமக்குத்தான் இரண்டில் ஒன்று வேண்டியிருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள், பரவாயில்லை, ஒரே ஒரு தேதி சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். அந்த மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு அடிமைகளுக்குப் பதிலாக யாரைக் கொண்டுபோனார்கள்? நம் தமிழர்களையும் பீகாரிகளையும். அந்தக் கூலிகள் வந்திறங்கியதை நினைவுகூர அங்கே நவம்பர் 2 விடுமுறை. சரி, இங்கே? 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். ஆளோலை, அதாவது அடிமை ஓலை, என்ற சொல் நமக்குப் புதிதா? சுந்தரரை வழிமறித்த கிழவர் நீட்டியது அதுதானே. அந்த ஓலைக்கு இனி நீதிமன்றத்தில் மதிப்பில்லை என்று கம்பெனி அரசு சட்டம் போட்ட தேதி 1843 ஏப்ரல் 7. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றுகூடச் சொல்லவில்லை, அதற்குத் தண்டனைச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு வருஷத்துக்கும் மேலே கழிந்து 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் என்று இன்னொன்று தேவைப்பட்டது.

இந்த ஏப்ரல் 7-ஐ இங்கே யாரும் கொண்டாடுவதில்லை. மேளம் இல்லை, ஊர்வலம் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை, எதிரணி ஆசைப்படுகிற மாதிரி சுத்தமான நாள். அந்த நாளில் நம்மில் யார், யாரிடம், என்ன கணக்கைக் கேட்டோம்? எதிரணித் தலைவர் தன் பதிலுரையில் இதை மட்டும் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். வணக்கம்.