சுவர் முழுக்க கார்ப்பெட்! இப்படியும் ஒரு வீடு

வணக்கம்! இந்தச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். செங்கல்லா? இல்லை. மரமா? அதுவும் இல்லை. அத்தனையும் கார்ப்பெட்! ஆபீஸ் தரையில் ஒட்டுவார்களே, அந்தச் சதுரத் துண்டுகள்தான். மொத்தம் 72,000. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கனமான மரச்சட்டத்தை ஏற்றி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் குடியிருப்பதற்காகவே கட்டிய வீடு இது.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் சாமுவேல் மாக்பீ. ஓவியர், கட்டடக் கலைஞர், பேராசிரியர். 1944-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். 1993-ல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சக பேராசிரியர் டி.கே. ரூத்துடன் சேர்ந்து ‘ரூரல் ஸ்டுடியோ’வைத் தொடங்கினார். கட்டடக்கலை மாணவர்கள் அலபாமா மாநிலத்தின் ஹேல் கவுண்டிக்கே (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) போய்த் தங்கி, அங்கிருக்கும் ஏழைகளுக்குத் தங்கள் கையாலேயே வீடு கட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம்!

1994-ல் முடிந்த முதல் வீட்டுக்குச் சுவர், வைக்கோல் கட்டுகள். மேலே பூச்சு.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கட்டடம் இருக்கிறது. இறைச்சியைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் அறை. உடைந்த கான்கிரீட் துண்டுகளால் சுவர். நடுநடுவே கண்ணாடிப் பாட்டில்கள். கூரைக்குப் பழைய சாலைப் பலகைகள். செலவு? 140 டாலர்! வெளிச்சம் பட்டதும் பாட்டில்கள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு நிறத்தில் ஒளிர்கின்றன. கறி தொங்கவிடும் அறைக்கு எதற்கு இவ்வளவு அழகு என்று கேட்பீர்கள். மாக்பீயின் பிடிவாதமே அதுதான். ஏழைக்கு ஒழுகாத கூரை போதும் என்று அவர் விட்டதில்லை. அழகும் வேண்டும் என்றார். என் கட்சியும் அதுதான்.

அப்புறம், மேசன்ஸ் பெண்ட் என்ற சின்னக் குடியிருப்பில் ஒரு சமூகக் கூடம். பழைய செவ்ரோலே கார்களின் 80 கண்ணாடிகளை மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்தியிருக்கிறார்கள். அத்தனைக்கும் கொடுத்தது 120 டாலர். கீழே, மண்ணை இடித்து இறுக்கிய சுவர். ஒரு நிமிடம் வீடியோவை நிறுத்திவிட்டு அந்தக் கண்ணாடிகள் சேரும் இடத்தைப் பாருங்கள்!

2001-ல் ரத்தப் புற்றுநோயால் மாக்பீ இறந்துபோனார். கார்ப்பெட் வீட்டை மாணவர்கள் அடுத்த ஆண்டு முடித்தார்கள். 20,000 டாலருக்குள் ஒரு நல்ல வீடு கட்டிவிட முடியுமா என்று பின்னால் வந்த மாணவர்கள் ஒரு முயற்சியில் இறங்கினார்கள். அந்த வீடுகளைத் தனி வீடியோவாகப் போடட்டுமா? கமெண்டில் சொல்லுங்கள்.